படுக்கத் தெரியாத தாங்கி

ஒரே ஒரு ஊரிலே, ராசாவும் இல்லாத ராணியும் இல்லாத ஊரிலே, கரிசல் மண்ணும் தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் இருக்கிற கோவில்பட்டியிலே, ஒரே ஒரு தெரு இருந்ததாம். அந்தத் தெருவிலே கீழே கோமதிநாயகம் அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடை. மேலே, பாகு காய்ச்சுகிற வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்து கம்ப்யூட்டர்களின் தலையில் உட்காருகிற மாடியிலே, ஜெபசிங் என்பவர் நடத்துகிற விளையாட்டுக் கம்பெனி.

விளையாட்டு என்றால் பந்தும் மட்டையும் இல்லை, திரைக்குள்ளே விளையாடுகிறது. அதற்குள்ளே ஓர் உலகம் செய்துகொண்டிருந்தார்கள், மலையில் ஒரு குடி, சதுப்பில் ஒரு குடி, உப்புவெளியில் ஒரு குடி என்று, ஒவ்வொரு குடிக்கும் ஒரு மிருகம், ஒரு மந்திரம். அந்த மிருகத்தையும் மந்திரத்தையும் யோசிக்கிறதுதான் வடிவுக்கு வேலை. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள், ஏனென்றால் மிருகம் யோசிக்கிற வேலை என்று சொன்னால் அதற்கு எத்தனை மணிக்குப் போகணும், பஸ் பாஸ் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள்.

முதலில் வரைந்துவந்த மாதிரிப் படங்களில் எல்லாக் குடிக்கும் தலையில் இறகு, கழுத்தில் எலும்பு, கையில் ஈட்டி. வடிவு அதைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னாள், அவளுக்கு உரக்கப் பேச வராது.

"சார், எங்க சித்தி தூத்துக்குடியில உப்பு வாருறாங்க. தலையில சும்மாடு, கால்ல கிழிஞ்ச சாக்ஸ், வெள்ளையப் பாத்துப் பாத்துக் கண்ணுல கூச்சம். உப்புக்குள்ள வாழ்ற குடின்னா அவங்களுக்கு எல்லாத்தையும் உப்புதான் முடிவு பண்ணும். இறகு செருக அந்தத் தலையில எடம் ஏது."

"அப்ப என்ன இருக்கும்?" என்றார் ஜெபசிங்.

"சுமை இருக்கும் சார்."

அப்படித்தான் உப்புவெளிக் குடி பிறந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை தலையில் உப்பு சுமந்து நடக்கிறவர்கள், எதிரில் வருகிறவரைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்காமல் எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேட்கிறவர்கள். அவர்களுக்கு ஒரு மிருகம் வேண்டும். வடிவு எட்டயபுரம் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்க்கிற சுமைதாங்கிக் கல்லை நினைத்துக்கொண்டாள், வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன யாரோ ஒருத்தியின் பெயரால் யாரோ நட்டுவைத்த கல், இரண்டு கால் மேலே ஒரு குறுக்குப் பலகை, தலைச்சுமைக்காரர் குனியாமல் அப்படியே சரித்து வைக்கிற உயரம். அந்த உயரத்துக்கு ஒரு முதுகு வரைந்தாள், அந்தப் பலகைபோலத் தட்டை. உப்புப் பொருக்கு உடையாமல் நடக்கத் தோசைக்கல் அகலத்துக்குப் பாதம் வைத்தாள். கண்கூச்சத்துக்கு நிழல் வேண்டுமே, அதற்கு முறம் மாதிரி இரண்டு காது, நடக்கும்போது கண்ணுக்கு மேல் தானே விழுகிற மாதிரி. நிறம், நனைந்த சாம்பல். பெயர், தாங்கி. மந்திரம் என்னவென்றால், அதன் விலாவில் முதுகைச் சாய்த்து நின்றால் உங்கள் அசதி உங்களை விட்டு அதற்குள் போய்விடும். அவ்வளவுதான், வெளிச்சம் கிடையாது, சத்தம் கிடையாது.

"நல்லாயிருக்கு வடிவு," என்றார் ஜெபசிங். "ஆனா மந்திரம்னா ஒரு விலை இருக்கணுமே. இல்லாட்டி விளையாடுறவன் நாள் பூரா சாஞ்சுக்கிட்டே இருப்பான். அந்த அசதி எங்க போகுது?"

"அதப் பொறவு யோசிப்போம் சார்."

பிறகு தாங்கி ரபீக்கிடம் போனது. வரைந்ததை நடக்கவைக்கிறவன் ரபீக். நிற்கவைத்தான், நடக்கவைத்தான், திரும்பவைத்தான், குனிந்து தண்ணீர் குடிக்கவைத்தான், காதை ஆட்டவைத்தான். "படுக்க?" என்று வடிவு கேட்டாள்.

"யாரு பாக்கப் போறா வடிவு? பொழுது சாஞ்சா திரையில இருந்து எடுத்துருவோம், விடிஞ்சா திரும்ப நிப்பாட்டிருவோம். சண்டை போடாத மிருகம் தூங்குறத எல்லாம் ஒரு வாரம் உக்காந்து எவனும் செய்யமாட்டான்."

ஜெபசிங்கும் ஆமாம் என்றார். நிற்கத் தெரிந்த, நடக்கத் தெரிந்த, படுக்கத் தெரியாத தாங்கி உப்புவெளியில் நின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது கடலைமிட்டாய்க் கடைக்கு முன்னால் நின்றது.

அண்ணாச்சி கடையைத் திறந்து, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தி, திரும்பிப் பார்த்து, "யாரு மாடுவே இது, லோடு வண்டி வரணும்லா," என்றார்.

பால்கார மாசானம் எருமையைப் பிடித்துக்கொண்டு வந்தவர் நின்று, முன்னாலும் பின்னாலும் சுற்றிப் பார்த்தார். "மாடு இல்ல அண்ணாச்சி. மாட்டுக்குக் காது இப்படி இருக்காது."

"அப்ப யானையா?"

"யானைன்னா தும்பிக்கை எங்க?"

"அப்ப எதோ ஒண்ணு. ஓரமா நிக்கச் சொல்லும்."

அது ஓரமாக நின்றது. வடிவு சாப்பாட்டுப் பையோடு வந்தாள், பார்த்தாள், மாடிக்கு ஏறிப் போய்த் திரையைப் பார்த்தாள். வெள்ளை வெளியில் தோசைக்கல் அகலத்துக் கால்தடங்கள் மட்டும் வரிசையாக நடந்து திரையின் ஓரம் வரை வந்து முடிந்திருந்தன. இறங்கி வந்து, "எங்களோடதுதான் அண்ணாச்சி," என்றாள்.

"சரி. சாணி போட்டா நீங்கதான் அள்ளணும், இப்பமே சொல்லிட்டேன்."

"அது சாணி போடாது அண்ணாச்சி. நாங்க அத வைக்கல."

"நல்லதாப் போச்சு," என்று அண்ணாச்சி பாகு கிண்டப் போய்விட்டார்.

இப்போது பவுன்தாயைச் சொல்லவேண்டும். தீப்பெட்டி ஆலை வேனுக்காகத் தினமும் காலையில் அந்தக் கடை வாசலில் நிற்கிறவள். சின்ன வயதிலிருந்து மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கி அடுக்கி, எழுந்திருக்கும்போதே அசந்து எழுந்திருக்கிறவள். அன்றைக்கு வேன் தாமதம். சாய்கிறதுக்கு ஒரு சுவர் கிடைத்தால் சாய்கிற மாதிரி, பின்னால் நிற்பது சுவரா மிருகமா என்று பாராமல் சாய்ந்தாள். வேன் வந்தது, ஏறினாள், ஏறும்போது கம்பியைப் பிடிக்காமல் ஏறினாள். அன்றைக்குச் சாயங்காலம் இறங்கினவள் நேராக வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், மகளுடைய சைக்கிளை வாங்கி ஓட்டிப் பழக ஆரம்பித்தாள்.

அப்புறம் தெருவுக்குச் சொல்லவேண்டுமா. மறுநாள் வேனுக்கு நிற்கிற பெண்கள் எல்லாரும் சாய்ந்தார்கள், அதற்கு மறுநாள் மூட்டை தூக்குகிறவர்கள் சாய்ந்தார்கள், அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்து சும்மா பார்ப்போமே என்று சாய்ந்தார், மாடிவீட்டுக் கல்லூரிப் பையன் ஒரு வேலையும் செய்யாத அசதியோடு வந்து சாய்ந்தான், ஜெபசிங் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கி வந்து சாய்ந்தார், மாசானத்தின் எருமைகூட யாரும் பார்க்காத நேரத்தில் விலாவைக் கொண்டுபோய்த் தேய்த்தது. தையல்காரர் தீபாவளித் துணியை ஆடி மாதமே தைத்து முடித்துவிட்டு, வேறு வேலை இல்லாமல் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பட்டன் தைத்துவிட்டார். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்குள் ஒரு சாக்கடைச் சண்டை உண்டு, எப்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பக்கமும் ஓய்ந்துபோய் நின்றுவிடுகிற சண்டை, இப்போது ஒருவரும் ஓயாததால் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரை நடந்து, தாத்தன் காலத்துக் குற்றம் வரைக்கும் பேசித் தீர்த்து, பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போய், கடைசியில் இந்த வீட்டுப் பெண்ணை அந்த வீட்டுப் பையனுக்கு நிச்சயம் பண்ணுவதில் முடிந்தது.

தாங்கிக்கும் தெருவிலே ஓர் இடம் வந்துவிட்டது. யாரோ நெற்றியில் மஞ்சள் பூசினார்கள், யாரோ காதில் செம்பருத்தி செருகினார்கள், பஸ்காரர்கள் மிட்டாய்க்கடை நிறுத்தம் என்று சொல்வதை விட்டுத் தாங்கி நிறுத்தம் என்று சொன்னார்கள். அது நின்றது, காதை ஆட்டியது, தண்ணீர் வைத்தால் குடித்தது.

முதலில் கவனித்தவள் வடிவுதான். முன்னங்கால் நடுங்கியது. ஒரு லாரி தூரத்தில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குமே, அந்த மாதிரி, பார்த்தால் தெரியும், பார்க்காவிட்டால் தெரியாது. மறுவாரம் வெள்ளிக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. தெருவினுடைய அசதி அத்தனையும் அதற்குள் இருந்தது. அதற்கோ படுக்கத் தெரியாது.

மாசானம் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "சொமையோட நிக்கிற உருப்படி தானாப் படுத்தா எந்திரிக்கும். விழுந்தா எந்திரிக்காது. அதுக்குள்ள படுக்க வைக்கணும் தாயி," என்று வடிவைப் பார்த்துச் சொன்னார்.

தெரு வேலைகளை விட்டுவிட்டு அதைப் படுக்கவைக்கப் பார்த்தது. வைக்கோல் பரப்பினார்கள், ஈரச்சாக்கு விரித்தார்கள், வேனுக்கு நிற்கிற பெண்கள் தாலாட்டுப் பாடினார்கள். அதைக் கேட்டுக் கல்லூரிப் பையன் தூங்கிப்போனான், தாங்கி நின்றது. மாசானம் எருமையைக் கொண்டுவந்து எதிரில் படுக்கவைத்தார், பார்த்துக்கோ இப்படித்தான், என்று. தாங்கி எருமையைப் பார்த்தது, காதை ஆட்டியது, நின்றது. ஒரு மிருகம் சொல்லிப் புரியவில்லை, ஊரே சொன்னால் புரியுமோ என்று யாருக்கோ தோன்ற, தெருவே அதற்கு முன்னால் நடுரோட்டில் படுத்துக் காட்டியது, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, நிச்சயம் பண்ணிய இரண்டு வீட்டாரும் ஒரே பாயில். வந்த டவுன் பஸ் நின்று, டிரைவர் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மறியலா?" என்றார்.

வயிறு வானத்தைப் பார்க்கப் படுத்திருந்த கோமதிநாயகம், "இல்லப்பா, பாடம் நடக்கு," என்றார்.

டிரைவர் இறங்கி வந்து கொஞ்ச நேரம் அவரும் படுத்துக் காட்டிவிட்டு, பஸ்ஸை வேறு தெரு வழியாக எடுத்துப் போனார்.

மாடியில் ரபீக் எருமையைப் பார்த்துப் பார்த்து, முன்முட்டி எப்படி மடிகிறது, பின்பாகம் எப்படி இறங்குகிறது, மார்பு எப்போது மண்ணைத் தொடுகிறது என்று வீட்டுக்கும் போகாமல் உட்கார்ந்து படுக்கிற அசைவைச் செய்து முடித்திருந்தான். சேர்த்தான். கீழே தாங்கியின் முன்முட்டி மடிந்தது, தெருவே மூச்சைப் பிடித்தது, பாதி மடிந்த முட்டி மறுபடி நிமிர்ந்துகொண்டது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு," என்றான் ரபீக்.

"பாரத்தோட படுக்கப் பயப்படுது," என்றாள் வடிவு. "அசதி எங்க போகும்னு நாம அதுக்குச் சொல்லவேயில்லையே."

ஜெபசிங் யோசித்து, "மழை பெஞ்சா உப்பு கரையுற மாதிரி அசதியும் கரைஞ்சுபோகும்னு வையேன்," என்றார். ரபீக் அப்படியே எழுதிச் சேர்த்தான். தாங்கி தலையைத் திருப்பி மாடி ஜன்னலைப் பார்த்தது. நம்பவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. காற்றோடு போகும் என்று வைத்தார்கள். அதற்கு அது ஜன்னலைக்கூடப் பார்க்கவில்லை.

"மிருகமே நம்பலைன்னா விளையாடுறவன் எப்படி நம்புவான்," என்று ஜெபசிங் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

வடிவு இறங்கி வந்து தாங்கிக்குப் பக்கத்தில் நின்றாள், சாயாமல் நின்றாள். அது உடம்பெல்லாம் நடுங்குவது அவளுடைய சாப்பாட்டுப் பையில் இருந்த டப்பா மூடிவரைக்கும் வந்து கேட்டது. தான் வரைந்த முதுகைப் பார்த்தாள். அந்தச் சாலையோரத்துக் கல்லை நினைத்தாள். பிறகு மிட்டாய்க்கடைப் படியில் ஏறி நின்று, வாழ்நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் உரக்கப் பேசினாள்.

"எழுதுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேக்கணும். சுமைதாங்கியில எல்லாரும் சுமைய எறக்கி வைப்பாங்க. ஆனா விட்டுட்டுப் போகமாட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டு, வழியில வர்றவங்களக் கூப்பிட்டு, ஒரு கை குடுங்கன்னு தூக்கிவிடச் சொல்லி, எடுத்துக்கிட்டுப் போவாங்க. அப்படித்தான் இதுக்கும் இருக்கணும்னு நெனைக்கேன்."

தாங்கியின் காது ஆடாமல் நின்றது. அது நம்பியது. தெருதான் கணக்குப் பார்த்தது.

"அப்ப பழையபடி ஆயிருவோம்லா," என்றார் தையல்காரர்.

"ஆமா," என்றாள் வடிவு.

யாரும் நகரவில்லை. சிலர் கண் பவுன்தாய் பக்கம் போய்விட்டுத் திரும்பியது, ஏனென்றால் அவள் சைக்கிள் பழகுவது தெருவுக்கே தெரியும். நேராகப் போக வந்துவிட்டது, திரும்பத்தான் இன்னும் வரவில்லை. மகள் பின்னால் ஓடிக்கொண்டே, பிரேக்கப் பிடிம்மா, பிரேக்கப் பிடிம்மா, என்று கத்துவது அந்த வாரத்துச் சாயங்காலங்களின் சத்தமாக இருந்தது. பழைய அசதியை எடுத்துக்கொண்டால் அந்தச் சத்தம் நின்றுவிடும்.

பவுன்தாய் தாங்கியின் காலைப் பார்த்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"என்னுத நான் எடுத்துக்கிடுதேன்," என்றாள். "நெறையக் கெடக்கும். எங்க அம்மையோடதும் கொஞ்சம் அதுல இருக்கும். ஒரு கை குடுங்க அண்ணாச்சி."

வடிவு மாடி ஜன்னலைப் பார்த்துத் தலையாட்ட, ரபீக் அதை எழுதிச் சேர்த்தான். அண்ணாச்சி பாகுக் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார். அவள் முதுகைச் சாய்த்தாள், அவர் தூக்கிவிடுகிறவர் மாதிரி அவள் தோளுக்குக் கீழே கை கொடுத்தார், அசதி ஏறிவிட்டது. பவுன்தாய் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வாயைத் திறந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"இவ்வளவுதானா," என்றாள். "மத்தியானம் வரைக்கும் படுத்துக்கெடந்துட்டு எந்திரிச்ச மாதிரில்லா இருக்கு."

கல்லூரிப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் தெருவுக்கு விளங்கியது. உள்ளே போன அசதிக்குப் பெயர் எழுதி ஒட்டியிருக்கவில்லை. கைக்கு எது வந்ததோ அதுதான். அந்த வேடிக்கைக்காகவே பாதிப் பேர் முன்னால் வந்தார்கள், வெட்கத்துக்காக மீதிப் பேர். ஒருத்தர் சாய ஒருத்தர் கை கொடுக்க, மூட்டைக்காரரின் அசதி பையனுக்குப் போய், அவன் படியில் உட்கார்ந்து தண்ணீர் தண்ணீர் என்றான். மாமியாருடையது மருமகளுக்கும் மருமகளுடையது மாமியாருக்கும் வந்து, இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கைப்பிடி கடலை வாங்கித் தின்றார்கள். ரபீக்குக்குத் தையல்காரருடைய கழுத்து வந்தது. ஜெபசிங்குக்கு வந்தது யாருடையது என்று முதலில் தெரியவில்லை, அவர் எந்த அவசரமும் இல்லாமல் நிழலில் நின்று வெறும் வாயை மென்றுகொண்டிருந்தபோது மாசானம் பார்த்து, "ஐயாவுக்கு நம்ம எருமையோடது," என்றார்.

கடைசியாக அண்ணாச்சி சாய்ந்தார். வடிவு கை கொடுத்தாள். ஏறியதும் அவர் முகம் மாறியது. தடுமாறி வந்து வெல்லமூட்டை மேல் உட்கார்ந்தார், உட்கார்ந்த பிறகும் இன்னும் எங்காவது உட்காரவேண்டும் போல இருந்தது அவருக்கு.

அவருக்குப் பின்னால், முதலில் முன்முட்டி மடிந்தது. பின்பாகம் இறங்கியது. மார்பு வைக்கோலைத் தொட்டது. தோசைக்கல் பாதங்கள் நாலையும் உள்ளே மடித்துக்கொண்டு, முறக்காது இரண்டையும் கண்மேல் கவிழ்த்துக்கொண்டு, தாங்கி ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சில் தெருமண் எழும்பி எல்லார் தலையிலும் விழுந்தது, ஒருவரும் தட்டிக்கொள்ளவில்லை. அது தூங்கிய பகல் முழுக்க அந்தத் தெருவில் பஸ் ஹாரன் அடிக்கவில்லை, பாகை மரக்கரண்டியால் கிண்டினார்கள், கல்யாண வீட்டார் பந்தல்காலைப் பற்றிக் கிசுகிசு என்று சண்டை போட்டார்கள்.

சாயங்காலம் எழுந்தது. உடம்பை உதறியது. மாடிப்படிக் கதவை அண்ணாச்சி எழுந்துபோய்த் திறந்து பிடித்துக்கொண்டார், அது குறுகலான படியில் அகலப் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து ஏறிப் போனது, இறங்கி வரவில்லை. திரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. உப்புவெளியில் சுமைகாரர்கள் ஒருவருக்கொருவர் தூக்கிவிட்டுக்கொண்டு போக, தாங்கி முன்முட்டியை மடித்தது.

"இதுக்கு மேல யாரும் பாக்கமாட்டாங்களே சார், எடுத்துரவா?" என்று ரபீக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

ஜெபசிங் மென்று முடித்துவிட்டு, "இருக்கட்டும். தூங்கட்டும்," என்றார்.

கீழே கூட்டம் கலைந்தது. தையல்காரர் போனார், மாசானம் எருமையோடு போனார், பையனை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள், வடிவு சாப்பாட்டுப் பையோடு பஸ் ஏறினாள். பவுன்தாய் போகவில்லை. வெல்லமூட்டைக்கு எதிரில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உங்ககிட்ட இருக்கது என்னுது. குடுங்க."

"எப்படித் தாயி குடுக்க? அதுதான் மேல போயிட்டே."

"இடது தோள்ல இருக்குதா?"

"அங்கதான்."

"பொழுதடைஞ்சா நடுமுதுகுக்கு எறங்கும். பயப்படாதீக, அங்கேயே நின்னுக்கிடும்."

அண்ணாச்சி தோளைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "இதையா தெனம் வச்சுக்கிட்டு என் கட வாசல்ல நின்ன? உக்காருன்னு ஒரு வார்த்த நான் சொல்லலையே." கடைக்குள் போய்த் தன்னுடைய முக்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டார். "நாளைக்கு வேன் வார வரைக்கும் இதுல இரு."

"நாளைக்கு நீங்கதான் இருக்கணும் அண்ணாச்சி," என்று அவள் சிரித்தாள். நாளைக்கு ஆலையில் புது அசதி வந்து சேரத்தான் செய்யும், அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மகள் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பவுன்தாய் ஏறினாள், தெருவில் நேராகப் போனாள், முனை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தூக்கி வலதுபக்கம் பார்க்கத் திருப்பிவைத்து, மறுபடி ஏறிப் போனாள், மகள் பின்னாலேயே ஓடினாள்.

அண்ணாச்சி பாகு அடுப்பை அணைத்தார், பலகை போட்டார், பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். முக்காலியை மட்டும் உள்ளே எடுக்கவில்லை. மெல்ல நடந்தார். தெருமுனையில் ஒரு தடவை நின்று, கையில் ஒன்றும் இல்லாதவர், கனமான ஒன்றை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, திரும்பி வீட்டுக்குப் போனார்.